பகலில் சாத்திய கதவு

கல்யாணமாகிப் புந்தோங்குக்கு வந்தபோது கெர்ட்ரூட் ஒரு தகரப் பெட்டியும் அது கொள்ளாத அளவு பெருமையும் கொண்டுவந்தாள். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் அவள். நடக்கத் தெரிந்ததும் மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கினாள். கை எட்டியதும் பால்வெட்டுக் கத்தியைக் கொடுத்துவிட்டார்கள். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்பதும், பெயர் கூப்பிட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு தன் மர நிரைக்கு நடப்பதும் எல்லாருக்கும் விதித்த வாழ்க்கை என்றுதான் நினைத்திருந்தாள்.

மாப்பிள்ளை ஆம்புரோஸ் ரயிலில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். தைப்பிங்கில் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். அவன் ஈப்போவில் வேலையாகி, அந்த ஊர்ப் புந்தோங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடிவைத்தான். தகரக் கூரை, முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, வாசலில் சாரலுக்குத் தாழ்வாரம். கெர்ட்ரூட்டுக்கு அது பங்களாவாகத் தெரிந்தது. காலையில் யாரும் மணி அடித்து எழுப்பவில்லை. பெயர் கூப்பிடவில்லை. முதல் வாரம் அந்தச் சும்மா இருக்கும் சுகத்தை என்ன செய்வதென்று தெரியாமல், துடைத்த பலகையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்திலிருந்து இரண்டு பேர் ரயிலேறி ஈப்போவுக்கு வந்தார்கள். ஒருத்தி ரோசரி, கெர்ட்ரூட்டைக் கெத்ரு என்று கூப்பிடுகிறவள். அவளோடு ஒரே வருஷம் ஞானஸ்நானம் பெற்றவள், அடுத்த நிரையில் பால் வெட்டியவள். அவள் கோயிலில் பூசை காண வந்தாள். இன்னொருத்தி நல்லம்மாள். வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள், லயத்தில் பிரசவம் என்றால் முதலில் கூப்பிடப்படுகிறவள். அவள் அம்மன் கோயிலுக்கு வந்தாள். இரண்டு கோயிலும் முடிந்து இருவரும் புந்தோங் பாலத்தில் சந்தித்து, கெர்ட்ரூட்டின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். கெர்ட்ரூட் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "இனிமே ஈப்போ வந்தா இதான் உங்க வீடு. மாசாமாசம் வரணும். வரலேன்னா நான் பேசவே மாட்டேன்" என்றாள்.

அவர்கள் வந்தார்கள். அதிலிருந்து ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

முதல் வருஷம் அந்த ஞாயிறுக்காகக் கெர்ட்ரூட் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷம் அது வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமையே பசாருக்குப் போக வேண்டும். பைப்படியில் வரிசை நின்று பாத்திரம் பாத்திரமாகத் தண்ணீர் பிடிக்க வேண்டும். மசாலா அரைத்து வைக்க வேண்டும். ஞாயிறு காலை பூசை, பூசை முடிந்ததும் ஓட்டமாக வந்து அடுப்பு மூட்டல், அப்புறம் சமையல், பரிமாறல், பேச்சு, சிரிப்பு. மாலை ரயிலுக்கு அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தால் பாத்திரம் குவிந்து கிடக்கும். திங்கட்கிழமை முழுக்க இடுப்பு வலிக்கும்.

அதற்காக வர வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொல்லலாம்தான். ஆனால் யாரிடம் சொல்வது? விடியுமுன் எழுந்து மலைச்சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்குகிறவளிடம், இந்தப் பலகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு அலுப்பாக இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தோட்டத்தில் அப்படி ஒருத்தி சொன்னால் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளே அப்படிப் பேசியிருக்கிறாள்.

முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. அது எல்லாருக்கும் தெரியும். ரோசரி வந்து அழுதாள். நல்லம்மாள் கஷாயத்துக்கு வேர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டாவது போனது ஒரு முதல் ஞாயிறுக்கு அடுத்த நாள். முந்தின நாள் முழுக்க அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். அதை அவள் ஆம்புரோஸைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் அவர்கள் வந்தபோது அவள் வழக்கம்போலக் கோழிக்குழம்பு வைத்துப் பரிமாறினாள். கோழி நன்றாக இருந்தது என்று இருவரும் சொன்னார்கள்.

பெருவெள்ளம் வந்து வடிந்ததற்கு அடுத்த வருஷம் மூன்றாவது தங்கியது. மூன்று மாதம் தாண்டியது, நான்கும் தாண்டியது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி கனம் தூக்கக் கூடாது, அதிக நேரம் நிற்கக் கூடாது, பகலில் கட்டாயம் படுக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். கெர்ட்ரூட் அன்றிலிருந்து தோளில் காண்டாக் கம்பை வைத்து இரண்டு வாளி மாட்டித் தூக்குவதை நிறுத்தினாள். ஒரு வாளியைப் பாதி நிரப்பி, பல நடை நடந்தாள்.

முதல் ஞாயிறு நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் போயிற்று. சனிக்கிழமை பசாருக்குப் போகவில்லை. ஆம்புரோஸ் அன்று இரவே பிறை என்ற ஊருக்குப் போகும் வண்டியில் வேலைக்குப் போக வேண்டும். சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே அவன் வழி சொன்னான்.

"கதவச் சாத்தித் தாப்பா போட்டுட்டுப் படுத்துக்க. வருவாங்க, பாப்பாங்க, ஆளு இல்லேன்னு போயிடுவாங்க. அடுத்த மாசம் ஏதாவது சொல்லிக்கலாம்."

"பூசைக்கு?"

"ஆண்டவருக்கு உன் உடம்பு தெரியும். பூசைக்குப் போனா ரோசரி உன் கையப் பிடிச்சுக்கிட்டு நேரா இங்கதான் வரும்."

அவள் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். ஆம்புரோஸ் டவுனில் வளர்ந்தவன். அவனுக்குச் சாத்திய கதவு என்றால் சாத்திய கதவுதான். ஐந்து வருஷம் டவுனில் இருந்ததில் கெர்ட்ரூட்டுக்கும் அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பைப்படிக்குப் போய் அரை வாளித் தண்ணீர் பிடித்துவந்தாள். கதவைச் சாத்தினாள். சன்னலையும் சாத்தினாள். பாயை விரித்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். கோயில் மணி தூரத்தில் கேட்டபோது சிலுவை போட்டுக்கொண்டாள். வெயில் ஏற ஏறத் தகரக் கூரை டக்டக்கென்று சத்தம் போட்டது. தூக்கம் வரும்போல இருந்தது.

அப்போது தாழ்வாரத்தில் காலடி கேட்டது. செருப்பில்லாத கால்கள். பேசிக்கொண்டே வந்த இருவரும் கதவுக்கு முன்னால் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ரோசரியின் மூச்சுகூடக் கேட்டது. கெர்ட்ரூட் அசையாமல் கிடந்தாள். இப்போது தட்டுவார்கள், கூப்பிடுவார்கள், ஆள் இல்லை என்று போய்விடுவார்கள் என்று காத்திருந்தாள்.

யாரும் தட்டவில்லை. யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, துணி சரசரக்க இருவரும் கதவோரமாகவே பலகையில் உட்காருகிற சத்தம் கேட்டது. நல்லம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்:

"இந்த மாசம் அரிசியிலே பூச்சி கூடிப்போச்சு ரோசரி."

கெர்ட்ரூட் கண்ணைத் திறந்தாள். அந்தக் குரலில் பேசுவது எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. வேலைக்குப் போனாலும் சும்மா ஒருக்களித்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். பகலில் ஒரு வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. உள்ளே ஒருத்தி பிள்ளைவலியில் இருக்கிறாள். அல்லது பிள்ளை தங்காமல் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கதவை வெளியிலிருந்து தட்டக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் உள்ளே கிடப்பவள் பதில் சொல்லி மூச்சை வீணாக்குவாள் என்பார்கள். வந்து சேர்கிற பெண்கள் வாசலில் உட்கார்ந்து, வீட்டுக் கதை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய பேச்சு கூடாது, அழுகை கூடாது. அடுப்பு, அரிசி, துணி, கோழி, இப்படி ஏதாவது. பேச்சு நிற்கக் கூடாது. வெளியே ஆள் இருக்கிறது என்று உள்ளே இருப்பவளுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அவளாகக் கூப்பிட்டால் போகலாம். கதவு திறக்கும்வரை வெளியே இருப்பவர்கள் வாயில் ஒன்றும் போடக் கூடாது.

கெர்ட்ரூட்டும் சின்ன வயதில் தன் அம்மாவோடு அப்படி எத்தனையோ வாசல்களில் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு அவள் வீட்டு வாசலில் அவளுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அவளோ தூங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோசரி அரிசிப் பூச்சிக்குப் பதில் சொன்னாள். காய்ந்த மிளகாய் போட்டு வைத்தாளாம், பூச்சி மிளகாயையும் தின்றுவிட்டதாம். நல்லம்மாள், வேப்பிலை போடு, அதுவும் நிழலில் காயவைத்ததைப் போடு என்றாள். பிறகு வாளி ஒழுகுகிற கதை வந்தது. ரோசரி ஓட்டையில் ரப்பர் பாலைத் தடவி, துணி ஒட்டி, மறுபடி பாலைத் தடவி அடைத்திருக்கிறாள். தண்ணீருக்கு நிற்கிறது, சுடுதண்ணீர் ஊற்றினால் பிடுங்கிக்கொண்டு வருகிறது. சுடுதண்ணீருக்கு வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளேன் என்று நல்லம்மாள் கேட்டாள். வேறு பாத்திரம் இருந்தால் நான் ஏன் இதை அடைக்கிறேன் என்றாள் ரோசரி.

உள்ளே கெர்ட்ரூட் எழுந்து உட்கார்ந்தாள். இப்போதே திறந்துவிடலாம். திறந்து என்ன சொல்வது? எனக்கு ஒன்றுமில்லை, உங்களைப் பார்க்க வேண்டாம் என்றுதான் தாழ்ப்பாள் போட்டேன் என்றா? கை முட்டியை ஊன்றியவள் அப்படியே இருந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுச் சக்கீனா வந்தாள். அவள் கணவன் ஷரபுதீன் தெருமுனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தான். சக்கீனா மாதாமாதம் இந்த இருவரையும் பார்த்துப் பழகியவள். ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். நல்லம்மாள் கதவைக் கண்ணால் காட்டியிருப்பாள் போலும். சக்கீனாவின் குரல் தாழ்ந்தது.

"வெளிய பூட்டு தொங்கலியே. உள்ளதான் இருக்கா. விடியக்காலம் பைப்படியில பாத்தேன், அரை வாளிதான் தூக்கினா. நான் கேட்டேன், ஒன்னுமில்லே அக்கான்னா."

"அரை வாளியா?" என்றாள் நல்லம்மாள்.

அதற்குப்பின் கொஞ்ச நேரம் பேச்சு நின்றது. உள்ளே கெர்ட்ரூட் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் ஒளித்துவைத்த அத்தனையும் அந்த அரை வாளியில் வெளியே வந்துவிட்டது. சக்கீனா, கதவைத் தட்டிப் பார்க்கலாமே என்றாள். நல்லம்மாள் கூடாது என்றாள். சக்கீனா போய்க் கடையிலிருந்து இரண்டு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் அதைத் தொடவில்லை. ரோசரி பூசையில் நன்மை அப்பம் வாங்குவதற்காக நேற்றிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். கெர்ட்ரூட்டுக்கு அது தெரியும்.

"குடிங்க அக்கா. ஆறிப்போகுது."

"கதவு தொறக்கட்டும்மா. அப்புறம் குடிக்கிறோம்."

"என்ன பழக்கமோ உங்க பழக்கம். நீங்க மயங்கி விழுந்தா நான் யாருக்குத் தண்ணி தெளிக்கிறது?"

சக்கீனா முணுமுணுத்துக்கொண்டே போனாள். பேச்சு மறுபடி தொடங்கியது. கோழி தன் முட்டையைத் தானே கொத்தித் தின்கிறது, என்ன செய்யலாம் என்று ரோசரி கேட்டாள். நல்லம்மாள், முட்டை ஓட்டுக்குள் மிளகாய்த்தூளை வைத்துப் போடு, ஒரு தடவை தின்றால் மறுபடி தொடாது என்றாள். போட்டாயிற்றாம். அந்தக் கோழிக்கு இப்போது உறைப்பில்லாமல் முட்டை பிடிக்கவில்லையாம். அடித்துத் தின்றுவிடலாம் என்றால், மாமியார் வீட்டிலிருந்து வந்த கோழியாம்.

வேறொரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள். இன்று இருவரும் சிரிக்கவில்லை, மூன்றாமவள் சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோசரியின் பேச்சு மெல்ல மெல்ல இளைத்தது. ஈரத் துணி காயாத கதை, மண்ணெண்ணெய் விளக்குப் புகைகிற கதை, பால்கறை பிடித்த சேலையை எப்படி வெளுப்பது என்ற கதை எல்லாம் தீர்ந்துபோயிற்று. வீட்டுக் கதை தீர்ந்தால் மனதில் கிடப்பதுதான் வாய்க்கு வரும்.

"அக்கா, ஒன்னு சொல்லவா? இன்னிக்குக் காலையிலே எனக்கு எந்திரிக்கவே முடியலே."

பலகை கிறீச்சிட்டது. நல்லம்மாள் அவள் பக்கம் திரும்பியிருப்பாள்.

"இந்த மாசம் வேணாம், தூங்கலாம்னு பாத்தேன். ஞாயித்துக்கிழமை ஒன்னுதானே பெரட்டு இல்லே. இங்க ஓடியாந்துட்டு ராத்திரி வீடு போய்ச் சேந்தா, திங்கக்கிழமை கத்தியப் பிடிக்கக் கை வரமாட்டேங்குது. போன மாசம் மரத்தக் காயப்படுத்திட்டேன்னு கங்காணி ஏசினான். அப்புறம் நெனச்சேன், கெத்ரு கோழி அடிச்சு வச்சுட்டு வாசல்லயே நிப்பாளே, நாம போகலேன்னா மனசு ஒடிஞ்சுடுவாளேன்னு."

"நீயுமா?" என்றாள் நல்லம்மாள்.

"நீங்களுமா அக்கா?"

"எனக்கு ரெண்டு வருசமா அப்படித்தான் இருக்கு. ஆயாக் கொட்டாயில நாள் பூரா புள்ளைங்க சத்தம். ஒரு நாளு காது சும்மா இருந்தாப் போதும்னு இருக்கும். ஆனா அவ டவுன்ல தனியாக் கெடக்கா. நம்ம மூஞ்சியப் பாத்தாதானே அவளுக்கு ஆறுதலு. எப்படி விடறது?"

அறைக்குள் கெர்ட்ரூட் சுவரில் சாய்ந்துகொண்டாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயிறு குலுங்குமே என்று கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எத்தனை ஞாயிறுகள். இவள் அவர்களுக்காக அடுப்படியில் நின்றாள். அவர்கள் இவளுக்காக ரயிலில் நின்றுகொண்டு வந்தார்கள். மூன்று பேரும் வாய் வலிக்கச் சிரித்துப் பேசிவிட்டு, மூன்று பேரும் திங்கட்கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒரு திங்கட்கிழமையைப் பற்றி இவள் மட்டும் வாயே திறக்கவில்லை.

வெளியே ரோசரி அழத் தொடங்கிவிட்டாள். அழக் கூடாது என்று நல்லம்மாள் அதட்டினாள். பிறகு அவளே எழுந்து நின்றாள். இவ்வளவு நேரம் உள்ளே ஒரு முனகல்கூட இல்லாதது நல்லதற்கில்லை, நான் போய் ஆஸ்பத்திரி மிஸ்ஸியைக் கூட்டிவருகிறேன், நீ பேச்சை நிறுத்தாதே என்று ரோசரியிடம் சொன்னாள். ரோசரி பேச முயன்றாள். வீட்டுக் கதை ஒன்றும் மிச்சமில்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினாள்.

கெர்ட்ரூட் எழுந்து தாழ்ப்பாளை நீக்கினாள்.

வெளிச்சத்தில் கண் கூசியது. நல்லம்மாளின் பார்வை அவள் முகத்துக்கு வரவில்லை. முதலில் சேலைக்குப் போயிற்று, பிறகு கால்களுக்கு, பிறகு அவளுக்குப் பின்னால் கிடந்த பாய்க்கு. ஒன்றுமில்லை என்று கண்டபிறகுதான் முகத்துக்கு வந்தது.

"ஒன்னும் இல்லே அக்கா" என்றாள் கெர்ட்ரூட். "சும்மாதான் படுத்திருந்தேன்."

ரோசரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் எழ முயன்றவள் மறுபடி பலகையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"சும்மா படுத்திருந்தியா. அப்ப நாங்க என்ன, உன் வீட்டுக்குக் காவல் ஜாகாவா?"

"நீங்க இப்படி உக்காருவீங்கன்னு நெனைக்கலே."

"பகல்லே கதவச் சாத்தினா லயத்துப் பொம்பள என்ன நெனைப்பா? நீ எங்க பொறந்த?"

"மறந்துட்டேன்" என்றாள் கெர்ட்ரூட். அது உண்மைதான். ஆனாலும் சொன்னபோது பொய்போல இருந்தது. "வரவேண்டாம்னு சொல்ல வாய் வரலே ரோசரி. நின்னு சமைக்க முடியலே. மிஸ்ஸி படுக்கச் சொன்னா. அதான்."

"எத்தனாவது மாசம்?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

"அஞ்சு."

"நடுவுல ஒன்னு போச்சா?"

கெர்ட்ரூட் ஆமென்று தலையை ஆட்டினாள். எப்போது என்று நல்லம்மாள் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் கணக்குப் போட்டுவிட்டாள் என்று தெரிந்தது. ரோசரிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஆறிப்போன தேத்தண்ணி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தியா?" என்று கடைசியில் கேட்டாள்.

"கேட்டேன்."

"கோழி கதையையும்?"

"அதையும்தான்."

ரோசரி தேத்தண்ணியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். நல்லம்மாளும் குடித்தாள். மூவரும் உள்ளே போனார்கள். வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை. முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது. கெர்ட்ரூட் வெங்காயம் நறுக்கப் போனாள். நல்லம்மாள் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு அவளை உட்காரச் சொன்னாள். ரோசரி கருவாட்டுத் துண்டைத் தணலில்லாத அடுப்பில் எப்படிச் சுடுவது என்று கேட்டாள். கருவாடு இல்லாமலே சாப்பிட்டார்கள். சோறு மூன்று பேருக்குப் போதாமல்தான் இருந்தது. இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் அவர்கள் வாய் மூடிச் சாப்பிட்டது அன்றுதான்.

சாப்பிட்டதும் நல்லம்மாள் கதவைச் சாத்தினாள். பாயில் கெர்ட்ரூட் படுத்தாள். மற்ற இருவரும் வெறும் பலகையில், முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார்கள். ரோசரி சுவரைப் பார்த்துப் படுத்தாள். கோபமாகத்தான் படுத்திருக்கிறாள் என்று கெர்ட்ரூட் நினைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே ரோசரி குறட்டை விடத் தொடங்கினாள்.

அவர்கள் வழக்கமாகப் போகும் ரயில் போய்விட்டது. சக்கீனா வந்து கதவைத் தட்டி, உள்ளே எத்தனை பேர் செத்துக் கிடக்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் மூவரும் எழுந்தார்கள். அடுத்த ரயிலைப் பிடிக்க ரோசரியும் நல்லம்மாளும் அவசரமாகப் புறப்பட்டார்கள். முகத்தில் பலகைக் கோடு விழுந்திருந்தது. நல்லம்மாள் கெர்ட்ரூட்டின் காலைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் இல்லை. அதற்குமேல் அவள் எந்த மருந்தும் சொல்லவில்லை. பைப்படியிலிருந்து இரண்டு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.

ரோசரி தாழ்வாரத்தில் நின்று கூந்தலை முடிந்துகொண்டாள்.

"புள்ள பொறந்தா சொல்லி அனுப்பு கெத்ரு. அதுவரைக்கும் நாங்க வரலே."

"கோவமாப் போறியா?"

ரோசரி அவளைப் பார்த்தாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

"இல்லே புள்ள. தூக்கமாப் போறேன்."

இருவரும் தெருமுனையில் திரும்பும்வரை கெர்ட்ரூட் நின்று பார்த்தாள். போகும்போது அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. திரும்பிக் கையசைக்கவும் இல்லை. அது அவளுக்கு வலித்தது. கூடவே அவர்கள் நடை லேசாக இருப்பதுபோலவும் தோன்றியது. தன் கண்ணுக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள். ஆம்புரோஸ் திரும்பி வந்து, உன் சிநேகிதிகள் ஆள் இல்லை என்று போய்விட்டார்களா என்று கேட்டான். இல்லை, தூங்கிவிட்டுப் போனார்கள் என்றாள். அவனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கிச் சொல்லவும் இல்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று அவள் காலைப் பூசை கண்டுவிட்டு மெல்ல நடந்து வீட்டுக்கு வந்தாள். கோயிலில் ரோசரி இல்லை. பாலத்தில் நல்லம்மாள் இல்லை. வெறும் கஞ்சி வைத்துக் குடித்தாள். மழை வரும்போல இருந்தது. பாயை விரித்துப் படுத்தபோது வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை உதைத்துவிட்டு அமைதியாயிற்று. அவள் மாலைவரை தூங்கினாள்.